ஊசித்துளை மூச்சு

சத்தம் நின்றுபோனதை முதலில் கவனித்தவன் டெக்ஸ்டர்.

அதுவரை வென்டிலேட்டர் பெட்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உஸ்ஸ்ஸ்... டக். உஸ்ஸ்ஸ்... டக். உஸ் என்றால் காற்று உள்ளே போகிறது. டக் என்றால் அது வெளியே வர வழி விடுகிறது. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் பிரெஸ் மெஷினில் மார்பு சிக்கிய ஓர் இளைஞன் தொண்டையில் குழாயோடு ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். அவனுக்குப் பதிலாகப் பெட்டிதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் புனேயை நோக்கி நகர் ரோடில் பறந்தது.

ஷிக்ராபூர் தாண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கர். டிரைவர் தத்தா அதைக் கவனிக்கவில்லை. வண்டி எகிறி விழுந்தது.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

டக் வரவில்லை.

ஆம்புலன்ஸ் உதவியாளன் டெக்ஸ்டர் நிமிர்ந்தான். இளைஞனின் மார்பு மேலே ஏறி, ஏறின இடத்திலேயே நின்றிருந்தது. ஊதி முடிச்சுப் போட்ட பலூன் மாதிரி.

யோசிக்க நேரமில்லை. பெட்டியின் குழாயைப் பிடுங்கி எறிந்தான். கையால் அமுக்கும் ரப்பர் பையை மாட்டினான். அமுக்கினான். விட்டான். அமுக்கினான். விட்டான்.

"காய் ஜாலா ரே?" என்ன ஆச்சு என்று முன்னாலிருந்து மராத்தியில் கத்தினான் தத்தா.

"பெட்டி மக்கர் பண்ணுது! காடி தாம்பவு நகோ, நிறுத்தாம ஓட்டு!" தமிழும் மராத்தியும் கலந்து வந்தது டெக்ஸ்டருக்கு.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அமுக்கிக்கொண்டே வந்தான். விரல்கள் மரத்துப்போயின. எமர்ஜென்சி டாக்டர் இளைஞனின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடது பக்கம் கேட்டார். வலது பக்கம் கேட்டார். மறுபடி வலது பக்கம். உதட்டைப் பிதுக்கினார். நொறுங்கிய விலா எலும்புகளுக்கு அடியில், வெளியே போக வழியில்லாத காற்று நுரையீரலைக் கிழித்திருந்தது.

அன்று மாலையே அவன் செத்துப்போனான்.

மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகம் டெக்ஸ்டர் ஜேசுராஜின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

*

விதி என்பது சில சமயம் ரொம்ப மலிவான கதை எழுதும். அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியில்தான் டெக்ஸ்டரின் அக்கா ஃபேபியோலா வேலை பார்த்தாள். அதுவும் சோதனைப் பிரிவின் தலைவியாக.

கசார்வாடியில், பழைய மும்பை சாலையை ஒட்டிய லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது பத்ரிநாத் ஃப்ளூயிடிக்ஸ். முதலாளி பத்ரிநாத் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெட்டியில் கரண்ட் கிடையாது. பேட்டரி கிடையாது. கம்ப்யூட்டர் சிப் கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தம் ஒன்றே போதும். அதிலிருந்து வரும் காற்றின் ஓட்டமே பெட்டியை ஓட்டும், அந்த ஓட்டமே பெட்டிக்கு மூளை.

எப்படி என்று கேட்பவர்களை பத்ரிநாத் நேராகக் குழாயடிக்கு அழைத்துப்போவார். ஒழுகும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரின் முதுகைக் கொண்டுபோவார். தண்ணீர் நேராக விழாமல் டம்ளரை ஒட்டிக்கொண்டு வளையும். "இவ்வளவுதான் சார் ரகசியம். காத்தும் இப்படித்தான், பக்கத்துல சுவர் இருந்தா ஒட்டிக்கும். உள்ள ரெண்டு சுவர் வச்சிருக்கேன். இந்தச் சுவரை ஒட்டினா நோயாளிக்குள்ள போகும். அந்தச் சுவரை ஒட்டினா வெளில வரும்."

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தாவ என்ன காரணம்? அங்கேதான் ஓர் ஊசித்துளை. நுரையீரல் நிரம்பினதும் அந்தத் துளை வழியாக வெளிக்காற்று துளியூண்டு உள்ளே நுழையும். அது தட்டிவிட்டால்தான் ஓட்டம் சுவரை விடும். துளை அடைத்துக்கொண்டால் ஓட்டம் முதல் சுவரையே கட்டிக்கொண்டு கிடக்கும். ஊதும், ஊதும், ஊதிக்கொண்டே இருக்கும்.

விசாரணைக்காகச் சோதிக்கத் திரும்பி வந்த பெட்டியை ஃபேபியோலாவின் மேஜையில் வைத்தபோது பத்ரிநாத் பக்கத்திலேயே நின்றார்.

"பாரு ஃபேபி. நீயே பாரு. அப்புறம் உன் தம்பிக்கு எதிரா நான் ஏதோ மறைச்சேன்னு சொல்லப்படாது."

அவள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தாள். ஊசித்துளைக்குள் ஒரு துணுக்கு. மஞ்சள். ஓரத்தில் சிவப்பு.

"சந்தனம், குங்குமம்," என்றாள் மெதுவாக.

"தசரா முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆறது. ஆம்புலன்ஸுக்கெல்லாம் பூஜை போட்டிருப்பா. சாமந்தி மாலை, கந்தம், குங்குமம்னு வண்டி பூரா பூசியிருப்பா. பெட்டி மேலயும் பூசியிருக்கா." பத்ரிநாத் பெருமூச்சு விட்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விசாரணைக்கு உள்ளதைத்தான் எழுதியாகணும். ஊழியரின் அலட்சியம்."

அலட்சியத்தால் மரணம். அந்த வார்த்தைகளுக்கு ஜெயில் உண்டு. ஜெயிலே இல்லாவிட்டாலும், அப்படி ஒரு பெயர் வாங்கியவனை எந்த ஆம்புலன்ஸும் ஏற்றாது.

*

வானவடியில் இருந்த வீட்டில் டெக்ஸ்டர் டி.வி.யைப் போட்டுவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெக்ஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெட்டில பொட்டு வச்சது யாரு?"

"அக்கா, நீயுமா?"

"பதில் சொல்லு. யாரு?"

"தத்தா வச்சான். பானெட்ல வச்சான், ஸ்டியரிங்ல வச்சான், என் நெத்தியிலயும் வச்சான். பின்னாடி ஏற வந்தான். 'பாபா, உள்ள கை வைக்காதே, எல்லாம் ஸ்டெரைல்'னு விரட்டிட்டேன். பொட்டு பெட்டியிலேயே இருந்துச்சு. டப்பாவப் பிரிக்கும்போதே இருந்துச்சு."

ஃபேபியோலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்ன?"

"பிரிக்கும்போதே இருந்துச்சுன்னேன். உங்க கம்பெனிக்காரங்க ஆசையா வச்சு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். துடைக்கவா முடியும்? தத்தா கோச்சுக்குவான். டெய்லி காலைல ஓட்டிப் பாத்தேன், சும்மா கடிகாரம் மாதிரி ஓடுச்சு. அன்னிக்கும் ஓடுச்சு."

காய்ந்த சந்தனம். அதன் வெடிப்பு வழியாகத் துளைக்குக் காற்று போய்க்கொண்டிருந்திருக்கும். தினம் தினம் ரோட்டின் ஆட்டம். கடைசியில் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் பொட்டு உடைந்து ஒரு துணுக்கு உள்ளே விழுந்திருக்கிறது.

"போலீஸ்ல இதைச் சொன்னியா?"

"சொன்னேனே. இன்ஸ்பெக்டர் சிரிச்சான். 'கம்பெனியிலயிருந்து பொட்டு வச்சா வரும்? பொண்ணு பாக்கற சம்பந்தமா?'ன்னான்."

ஆனால் அந்தக் கம்பெனியிலிருந்து எல்லாம் பொட்டு வைத்துத்தான் வெளியே போகும். அது ஃபேபியோலாவுக்குத் தெரியும். அங்கே ஸ்க்ரூ திருப்பும் ஆளிலிருந்து அக்கவுண்டன்ட் வரை எல்லாருக்கும் தெரியும்.

பத்ரிநாத்தின் மனைவி ஆனந்தவல்லி. தமிழர், மராத்தியர் வித்தியாசம் இல்லாமல் பட்டறைக்கே மாமி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வருவாள். அந்த வாரம் அனுப்ப வேண்டிய பெட்டிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, "போயி உசிரைக் காப்பாத்து" என்று வாய்விட்டுச் சொல்வாள். அப்புறம்தான் பேக்கிங். இத்தனை வருஷமாகப் பாதகமில்லை. பழைய பெட்டியில் ஊசித்துளை அடிப்பக்கம் இருந்தது.

ஸ்ட்ரெச்சர் கம்பளியில் அடிப்பக்கம் அடைத்துக்கொள்கிறது என்று புகார் வந்து, புது அச்சில் துளையை முகப்புக்கு மாற்றினார் பத்ரிநாத். டயலுக்கு மேலே, நட்ட நடுவில், சின்ன வட்டக் குழிக்குள். அதன்மேல் கம்பிவலை மூடி ஒன்று வேண்டும் என்று ஃபேபியோலா வரைபடமே போட்டுக் கொடுத்திருந்தாள். "அடுத்த லாட்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பெட்டியின் முகப்பைப் பார்த்தால் அது ஒரு முகம். அந்தக் குழி அதன் நெற்றி. யார் கையில் சந்தனம் இருந்தாலும் அங்கேதான் போகும்.

*

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபேபியோலா குடோனுக்குள் நுழைந்தாள். புது லாட்டில் மீதிப் பெட்டிகள் சீல் போட்டு அடுக்கியிருந்தன. ஒன்றை இறக்கி, சீல் டேப்பைக் கத்தியால் கீறினாள். தெர்மகோலை உருவினாள்.

நெற்றியில் ஜம்மென்று ஒரு பொட்டு. ஊசித்துளைக்கு மேலேயே.

போனை எடுத்துப் படம் பிடித்தாள். இன்னும் கிட்டே போய் மறுபடி பிடித்தாள்.

"என்னடி பண்றே இங்க தனியா? சாப்பிடலையா?"

வாசலில் ஆனந்தவல்லி, கையில் டிபன் கேரியரோடு.

ஃபேபியோலா பெட்டியை அவள் பக்கம் திருப்பினாள். "மாமி, இது நீங்க வச்சதா?"

"பின்ன வேற யாரு வைப்பா? இந்தப் புதுசு ரொம்ப அழகா இருக்கு. பழசுல எங்க வைக்கறதுன்னே தெரியாது, ஓரமா இழுப்பேன். இதுல பகவானே இடம் பண்ணிக் குடுத்தாப்ல..." மாமி பேச்சை நிறுத்தினாள். "ஏண்டி அப்படிப் பாக்கறே?"

"அந்தக் குழிக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு மாமி. பெட்டி மூச்சை மாத்தறது அது வழியாத்தான்."

டிபன் கேரியர் கீழே இறங்கியது.

"அந்தப் பிள்ளை... ரஞ்சன்காவ் பிள்ளை..."

"உங்களுக்குத் தெரியாது. யாரும் உங்ககிட்ட சொல்லலை. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல மாமி. ஆனா என் தம்பிய ஜெயில்ல போடப் பாக்கறாங்க. விசாரணைல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். டெஸ்ட் முடிஞ்சப்பறம் நான் பொட்டு வச்சேன், அவ்வளவுதான்."

"சொல்றேன்டி," என்றாள் மாமி. கண் நிறைந்திருந்தது. "சத்தியமா சொல்றேன். டெக்ஸ்டர் எனக்கும் பிள்ளை மாதிரிதானே. கிறிஸ்துமஸ் கேக்கு யாரு கொண்டு வந்து குடுப்பா எனக்கு?"

ஃபேபியோலா அவளை நம்பினாள். சீல் உடைந்த பெட்டியை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். திரும்பி வந்தபோது பெட்டி அங்கே இல்லை.

சாயங்காலம் பத்ரிநாத் அவளைக் கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"விசாரணை முடியற வரைக்கும் நீ லீவு எடுத்துக்கோ ஃபேபி. நீ குத்தவாளியோட அக்கா. இங்க இருக்கறது முறையில்லை."

*

விசாரணை அதிகாரி தாம்லே நேரம் தவறாத மனிதர். ஒல்லி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆட்களைப் பார்ப்பார். தமிழ் ஓர் எழுத்து தெரியாது. சோதனை அறையில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பத்ரிநாத், ஆனந்தவல்லி, பேக்கிங் சூப்பர்வைசர் சந்திரமௌலி. மறுபக்கம் டெக்ஸ்டர், அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு. அவன் பக்கத்தில் ஃபேபியோலா. வாசலில் பட்டறை ஆட்கள்.

"உங்கள் தம்பி சொல்வது, பொட்டு கம்பெனியிலேயே வைக்கப்பட்டது என்று," என்றார் தாம்லே இந்தியில். "பார்த்துவிடுவோம். அதே லாட்டில் மூன்று பெட்டிகளைக் கொண்டுவாருங்கள்."

சந்திரமௌலி கொண்டுவந்து வைத்தான். முதல் பெட்டியின் சீலை தாம்லே தன் கையாலேயே கிழித்தார்.

நெற்றி காலி. பொட்டு இல்லை.

இரண்டாவது. காலி. மூன்றாவது. காலி.

ஃபேபியோலா மாமியைப் பார்த்தாள். மாமி தரையைப் பார்த்தாள்.

"பொட்டு எங்கேம்மா?" என்றார் தாம்லே.

"துடைச்சிருக்காங்க சார். டேப்பைப் பாருங்க, புதுசு. திரும்ப ஒட்டியிருக்காங்க," என்றாள் ஃபேபியோலா இந்தியில்.

"டேப் எல்லாமே புதுசாகத்தான் இருக்கும். புது லாட் ஆச்சே," என்றார் பத்ரிநாத் சாந்தமாக.

தாம்லே முதல் பெட்டியை ஓட்டச் சொன்னார். சிலிண்டரைத் திறந்து, வாயில் ரப்பர் பை ஒன்றை நுரையீரலாகக் கட்டினார்கள். உஸ்ஸ்ஸ்... டக். உஸ்ஸ்ஸ்... டக். அழகாக ஓடியது. இரண்டாவதும் ஓடியது. கேட்கவே தாலாட்டு மாதிரி இருந்தது.

"போதும்," என்று தாம்லே பேனாவை மூடினார்.

ஃபேபியோலா மூன்றாவது பெட்டிக்கு அருகே குனிந்தாள். வட்டக் குழியின் விளிம்பில் லேசாக ஒரு வெளிர்மஞ்சள் கறை. ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். மேலே இருந்த சந்தனம் துணியோடு போயிருக்கும். துளையின் வாயில் இருந்தது? கரைந்து குழம்பாகி உள்ளே போயிருக்கும். அப்புறம் காய்ந்திருக்கும்.

போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

"சார், மூணாவதையும் ஓட்டணும்," என்றாள்.

அப்போதுதான் பத்ரிநாத் வாயைத் திறந்தார். முகத்தில் அதே மரியாதைப் புன்னகை. அதிகாரிக்கு டீ சொல்லி அனுப்புகிற மாதிரி ஒரு குரல். ஆனால் பேசியது தமிழ்.

"ஃபேபி, வேண்டாம். நன்னா கேட்டுக்கோ. இது ஓடித்துன்னா உன் தம்பி கதை முடிஞ்சுது, சரி, நான் நல்ல வக்கீலா வச்சுத் தரேன், சின்ன தண்டனையோட போயிடும். ஓடலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சியோ? அடைச்ச பெட்டியை பாஸ் பண்ணினது யாரு? நீ. எல்லாப் பெட்டியையும் பாஸ் பண்ணினது நீ. பொட்டு டெஸ்டுக்கு அப்புறம்னு சொல்ல இங்க ஒரு ஆள் வாய் திறக்க மாட்டா."

தாம்லே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

டெக்ஸ்டர் அக்காவின் கையைப் பிடித்தான். அவனுக்குத் தமிழ் புரிந்தது. "அக்கா, விடு. சல், வீட்டுக்குப் போலாம். நான் பாத்துக்கறேன்."

"என்னத்தடா பாத்துக்குவ? செவுத்தையா?" என்றாள் அவள். பிறகு தாம்லேவிடம் திரும்பி இந்தியில் சொன்னாள்: "ஒன்றுமில்லை சார். ஓட்டச் சொல்கிறார்."

பத்ரிநாத்தின் புன்னகை முதல் தடவையாக நழுவியது.

சிலிண்டர் திறந்தது.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

ரப்பர் பை நிரம்பியது. விம்மியது. விம்மியபடியே நின்றது. எல்லோரும் அந்த டக்குக்காகக் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற பட்டறை ஆள் ஒருவன் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

டக் வரவேயில்லை.

"பந்த் கரோ! நிறுத்துங்கள்!" தாம்லே எழுந்துவிட்டார். அவரே நுண்ணோக்கிக்குப் போனார். வெகு நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"உள்ளே மஞ்சளாக அடைத்திருக்கிறது. இந்தப் பெட்டி ஆம்புலன்சைப் பார்த்ததே இல்லை. அடைப்பு இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வந்திருக்கிறது." டெக்ஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்கள் போகலாம். உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதுகிறேன். அந்த நேரத்தில் குழாயைப் பிடுங்கியது சரிதான்."

டெக்ஸ்டர் நகரவில்லை.

"அடைத்த பெட்டியைச் சோதித்து, சரி என்று அனுப்பியது யார்?" என்றார் தாம்லே.

"எங்க டெஸ்டிங் ஹெட்தான் சார்," என்றார் பத்ரிநாத். குரலில் எவ்வளவு வருத்தம்! பெற்ற மகளைக் காட்டிக்கொடுப்பவர் போல. "மிஸ் ஃபேபியோலா."

"சோதனையில் துளை சுத்தமா இருந்துச்சு சார்!" ஃபேபியோலா குரலை உயர்த்தினாள். "அப்புறம்தான் பூஜை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமி பொட்டு வைப்பாங்க. எல்லாருக்கும் தெரியும். சந்திரமௌலி, நீங்கதானே கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க? சொல்லுங்க!"

சந்திரமௌலி தாடையைத் தடவினான். "பூஜை உண்டு சார். கார்ட்டன் மேல ஒரு பொட்டு வைப்பாங்க. பெட்டி மேல வச்சதா எனக்கு ஞாபகம் இல்ல." பிறகு தமிழில், அவளுக்கு மட்டும்: "சாமி காரியத்துல போய்ப் பழிய போடறியேம்மா. உங்களுக்கெல்லாம் அது சும்மா கலர் பொடிதான?"

வாசலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவள் தன் ஆட்கள் என்று நினைத்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கதவு மூடிக்கொண்டன.

"கலர் பொடின்னு நான் எப்ப அண்ணா சொன்னேன்? துளைய நெத்தியில கொண்டு வச்சது சாமியா? மூடி வேணாம்னு சொன்னது சாமியா?"

"இந்தியில் பேசுங்கள்," என்றார் தாம்லே எரிச்சலாக.

அவள் போனை நீட்டினாள். குடோனில் எடுத்த படம். தாம்லே பெரிதாக்கிப் பார்த்தார்.

"பெட்டியைத் திறந்தபோது உடன் யார் இருந்தார்கள்?"

"...தனியாத்தான் திறந்தேன்."

"சீல் போட்ட பெட்டியை. தனியாக. வழக்கில் இருப்பவரின் அக்கா." போனைத் திருப்பிக் கொடுத்தார். "நான் இதை எப்படி ஏற்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்."

"சந்தனம் எந்தக் கடையிலயும் கிடைக்கும் சார்," என்றார் பத்ரிநாத். "நான் யாரையும் சொல்லலை."

இனி ஒருத்திதான் பாக்கி. ஃபேபியோலா அவள் முன்னால் போய் நின்றாள்.

"மாமி."

ஆனந்தவல்லியின் உதடு அசைந்தது. தாம்லே காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. மாமி கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவேயில்லை, ரப்பர் பையிலிருந்து காற்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கார்ட்டன் மேலதான் வைப்பேன்," என்றாள் மாமி இந்தியில்.

பேனா எழுத ஆரம்பித்தது.

*

டெக்ஸ்டருக்கு அடையாள அட்டை திரும்பக் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரி அவனை ஆம்புலன்ஸிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றியது. பேஷன்ட் வீட்டுக்காரங்க உன் முகத்தைப் பார்த்தா கலாட்டா பண்ணுவாங்க, கொஞ்ச நாள் இரு என்றார்கள். அவன் வாதாடவில்லை. தத்தாதான் அவனுக்காகச் சண்டை போட்டான். அவனையும் வேறு வண்டிக்கு மாற்றினார்கள்.

ஃபேபியோலாவின் பெயர் வழக்கில் ஏறியது. சோதனையில் கவனக்குறைவு. ஜாமீன் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. மருத்துவக் கருவி செய்யும் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், பெயரைக் கேட்டதும் நேர்காணல் நடத்துபவர் தண்ணீர் குடித்தார். கடைசியில் மகர்பட்டாவில் ஓர் ஐ.டி. கம்பெனியில், இன்சூரன்ஸ் கிளெய்ம்களுக்குப் பதில் எழுதும் வேலை அமைந்தது.

பத்ரிநாத் ஃப்ளூயிடிக்ஸ் மூடவில்லை. அந்த லாட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டது. புது லாட் சந்தைக்கு வந்துவிட்டது. முகப்பில், ஊசித்துளைக்கு மேலே, கச்சிதமாக ஒரு கம்பிவலை மூடி. விளம்பரப் படத்தை டெக்ஸ்டர்தான் போனில் காட்டினான்.

"உன் டிராயிங் தானே அக்கா இது?"

"ஆமா."

"அப்படியே போட்டிருக்கான்?"

"ஒரு மில்லிமீட்டர் கூட மாத்தலை." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பரவால்ல. நல்ல மூடி. இனிமே அடைக்காது."

"உன்னை யாரு நடுவுல வரச் சொன்னா?" என்று அவன் வெடித்தான். எத்தனையாவது தடவையோ. "நான்தான் விடுன்னு சொன்னேன்ல? நான் உள்ள போயிருந்தா ஒரு வருஷம், ரெண்டு வருஷம். இப்ப பாரு. உன்னால உன் வேலையும் போச்சு, எனக்கும் ஸ்டோர் ரூம்ல பஞ்சு எண்ணற வேலை."

"தேங்க்ஸ்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

"சரி. தட்டைக் கழுவு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனான். அப்போது அவளுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். எடுத்தாள்.

"ஃபேபி... நான்தான்டி. மாமி."

"சொல்லுங்க."

"சாப்பிட்டியா?"

ஃபேபியோலா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"எனக்குத் தூக்கமே இல்லைடி. கண்ணை மூடினா அந்தப் பிள்ளை வந்து நிக்கறான். கிண்ணத்தைத் தொடவே பிடிக்கலை, சந்தனம் குழைக்கறதையே விட்டுட்டேன். அன்னிக்கு வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பாத்தேன், அப்படியே..." மாமி மூக்கை உறிஞ்சினாள். "உனக்காக தினம் ஒரு விளக்கு ஏத்தறேன். நம்பு."

"விளக்கு வேண்டாம் மாமி. தாம்லே சார் ஆபீஸ் சிவாஜி நகர்ல இருக்கு. ஆட்டோ வச்சா வந்துடலாம். நான் வாசல்ல நிக்கறேன், நீங்க மட்டும் உள்ள போங்க. ரெண்டே வார்த்தை சொல்லுங்க. கேஸ் இன்னும் முடியலை."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போனது. வெகுநேரம் வெளியே வரவில்லை.

"மாமி? இருக்கீங்களா?"

"நாளைக்கா?" என்றாள் மாமி. சின்னக் குரல்.

"நாளைக்கே. பத்து மணிக்கு."

"பத்து மணிக்கு..." மாமி அதையே திரும்பச் சொன்னாள். மனசுக்குள் ஆட்டோ ஏறுகிறாள் போலிருந்தது. ஃபேபியோலா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு காலிங் பெல் அடித்தது. கதவு திறக்கும் சத்தம்.

"அவர் வந்துட்டார்," என்றாள் மாமி. "வச்சுடறேன்."